ஹாலில் சரவுண்ட் ஸ்பீக்கர்களை எங்கே வைப்பது: காதிலிருந்து அளக்கத் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

சேலத்தில் நான் பார்த்த ஹோம் தியேட்டர்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரியாகத்தான் அமைக்கப்பட்டிருக்கின்றன. முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் டிவிக்கு இருபுறமும் ஷோகேசுக்குள் செருகப்பட்டிருக்கும். சென்டர் ஸ்பீக்கர் செட்டாப் பாக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும். பின்பக்க ஸ்பீக்கர்கள் கூரையை ஒட்டிய மூலைகளில் தொங்கும். தாழ்ந்த ஒலியைத் தரும் பெட்டியான சப்வூபர் எங்கே பிளக் பாயின்ட் இருக்கிறதோ அங்கே இருக்கும். அழகாபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலிலும் ஐந்து ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது. பேசுவது புரியவில்லை என்று ஒலியைக் கூட்டுவோம், அடுத்த காட்சியில் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது என்று குறைப்போம். ரிமோட்டைக் கீழே வைத்து ஒரு படத்தை முழுதாகப் பார்த்ததில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக ஒரு பொருளும் வாங்காமல், இருந்த ஸ்பீக்கர்களையே அளந்து இடம் மாற்றினேன். அன்று இரவு படம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இப்பத்தான்பா அவங்க பேசறதே புரியுது" என்றார். அந்த ஒரு நாளில் செய்ததையும், அதன் பிறகு உறவினர், நண்பர் வீடுகளில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

சரவுண்ட் அமைப்பின் எல்லா அளவுகளும் கேட்பவரின் காதிலிருந்து தொடங்குகின்றன. சுவரும் மூலையும் அந்த அளவுகளுக்குள் வந்து பொருந்த வேண்டியவை. நம் வீடுகளில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, சுவரிலிருந்து அளப்பதால் வருகின்றன.

சினிமா கொட்டகையைப் பார்த்து வீட்டில் அமைப்பதும் இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைப் பார்த்தபடி ஏற்காடு சாலையில் போய்வரும் ஊர் இது. கொட்டகையின் ஒலி இங்கே எல்லோருக்கும் பழக்கமானது. ஆனால் கொட்டகையில் பக்கச் சுவர்களில் ஸ்பீக்கர்களை வரிசையாக உயரத்தில் மாட்டுவதற்குக் காரணம், நூற்றுக்கணக்கான இருக்கைகளில் எந்த இருக்கைக்கு அருகிலும் ஒரு ஸ்பீக்கர் மட்டும் தனித்துக் கத்திவிடக் கூடாது என்பதாகும். வீட்டில் கேட்பவர் நான்கைந்து பேர், ஸ்பீக்கர் பக்கத்துக்கு ஒன்று. அதைக் கூரை மூலைக்கு ஏற்றினால் பின்னாலிருந்து வர வேண்டிய ஒலி பரண் மேலிருந்து வருவதுபோல் கேட்கும்.

அளவெடுப்பதற்கு முன்

டேப், நூல் உருண்டை, சாக்பீஸ், முகம் பார்க்கும் சிறிய கண்ணாடி ஆகிய நான்கும் போதும். கட்டம் போட்ட தாளில் ஹாலின் படத்தை, கதவு, ஜன்னல், பூஜையறை வாசல், பிளக் பாயின்ட் எல்லாவற்றுடனும் வரைந்துகொள்ளுங்கள். கணக்கு எளிதாக விளங்குவதற்காக, எங்கள் ஹாலின் அளவையே எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துகிறேன்: நீளம் 15 அடி, அகலம் 11 அடி, உயரம் 10 அடி. டிவி 11 அடிச் சுவரில் இருக்கிறது.

டிவிச் சுவரின் நடுவிலிருந்து ஹாலின் நீளவாக்கில் ஒரு மையக்கோடு போட வேண்டும். அது சுவருக்குச் செங்குத்தாக இருக்க, கொத்தனார்கள் மூலைமட்டம் பார்க்கும் முறையே சிறந்தது. நடுப்புள்ளியிலிருந்து சுவரை ஒட்டி 3 அடியில் ஒரு குறி, முன்னோக்கி 4 அடியில் ஒரு குறி; இரண்டு குறிகளுக்கும் இடையே சரியாக 5 அடி வந்தால் கோடு நேராக இருக்கிறது. அரை அங்குலம் பிசகினால் ஒன்றும் ஆகாது. ஆனால் கண் மதிப்பில் போட்ட கோடு பெரும்பாலும் அரை அடி பிசகிவிடும்.

முதலில் சோபாவின் இடம்

நம் வீடுகளில் சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது வழக்கம். ஒலியைப் பொறுத்தவரை ஹாலிலேயே மோசமான இடங்களில் அது ஒன்று. ஒரு அறையின் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே தாழ்ந்த ஒலி முன்னும் பின்னும் மோதி, சில அதிர்வெண்களில் நிலையான அலையாக நின்றுவிடுகிறது. ஒலியின் வேகத்தை அறையின் நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அவற்றில் முதலாவது கிடைக்கும். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1145 அடி செல்கிறது. 15 அடி நீளத்துக்கு அது 38 ஹெர்ட்ஸ் ஆகிறது. இந்த அதிர்வெண் சுவர்களை ஒட்டி மிகப் பெரிதாகவும், அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய இல்லாமலும் கேட்கும். பின்சுவரோடு உட்கார்ந்தவருக்கு எல்லாமே முழக்கமாகவும், நடுவில் உட்கார்ந்தவருக்கு அடித்தளமே இல்லாததுபோலவும் இருப்பது இதனால்தான்.

ஆகவே பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் ஏறக்குறைய 38 சதவீதம் முன்னே காது வரும்படி அமர்வது நல்ல தொடக்கப்புள்ளி. 15 அடியில் அது 5.7 அடி, அதாவது டிவிச் சுவரிலிருந்து 9.3 அடி. இது வேதவாக்கு அல்ல; ஓரடி முன்பின் நகர்த்திக் கேட்டுப் பார்க்கலாம். சோபாவுக்குப் பின்னால் இத்தனை இடம் வீணாகிறதே என்று வீட்டில் கேள்வி வரும். எங்கள் வீட்டில் அங்கே சாப்பாட்டு மேசை வந்தது. இடம் விடவே முடியாத சிறிய ஹாலாக இருந்தால், சுவரிலிருந்து ஓரடியாவது சோபாவை இழுத்துப்போட்டு, தலைக்குப் பின்னே சுவரில் தடிமனான பஞ்சுத் தடுப்பு ஒன்றை மாட்டுங்கள்.

அமரும்போது தரையிலிருந்து காது எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் அளந்துகொள்ளுங்கள். சோபாவைப் பொறுத்து அது மூன்றேகால் முதல் மூன்றரை அடி வரை வரும். இனி எல்லா அளவுக்கும் இந்தப் புள்ளிதான் அடிப்படை.

முன்பக்க மூன்று ஸ்பீக்கர்கள்

பல ஒலித்தடக் கேட்பு அமைப்புக்கான சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிஎஸ் 775 பரிந்துரை, இடது, வலது ஸ்பீக்கர்களை மையக்கோட்டிலிருந்து இருபுறமும் 30 டிகிரியில் வைக்கச் சொல்கிறது. டால்பி நிறுவனம் 22 முதல் 30 டிகிரி வரை என்று சற்று இடம் தருகிறது. கோணமானி இல்லாமல் 30 டிகிரியைக் காண நூல் போதும். காது இருக்குமிடத்திலிருந்து இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் உள்ள தூரமும், ஸ்பீக்கர்களுக்கு இடையே உள்ள தூரமும் சமமாக இருந்தால், அந்தச் சமபக்க முக்கோணத்தில் கோணம் தானாகவே 30 டிகிரி ஆகிவிடும்.

எங்கள் ஹாலில் ஸ்பீக்கர் முகங்களை டிவிச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னே வைத்தேன். பக்கச் சுவர்களிலிருந்தும் ஒன்றரை அடி விட்டதில் இரண்டுக்கும் இடையே 8 அடி கிடைத்தது. ஸ்பீக்கர் கோட்டிலிருந்து காதுக்கு 7.8 அடி, கணக்குப் போட்டால் கோணம் 27 டிகிரி. சமபக்கத்துக்காகச் சோபாவை முன்னே இழுத்தால் அறையின் நடுப்பகுதிக்குப் போய்விடுவோம் என்பதால், 27 டிகிரியோடு நிறுத்திக்கொண்டேன். கோணத்தில் மூன்று டிகிரி குறைவது காதுக்குப் பெரிதாகத் தெரியாது. தாழ்ந்த ஒலி காணாமல் போவது உடனே தெரியும். ஸ்பீக்கரை மூலையோடு ஒட்டாதீர்கள், குறிப்பாகப் பின்பக்கம் காற்றுத்துளை உள்ளவற்றை. ஷோகேசின் மரப்பெட்டிக்குள் வைத்தால் பெட்டியும் சேர்ந்து அதிரும்; அதனால் தாழ்ந்த குரலில் பேசும் நடிகர்கள் எல்லோரும் பானைக்குள் இருந்து பேசுவதுபோல் ஆகிவிடுவார்கள். ஸ்டாண்டில் வைத்து, மேல்சுருதி ஒலியைத் தரும் சிறிய டுவீட்டர் காது உயரத்துக்கு வரச் செய்து, இரண்டையும் இருக்கையை நோக்கிச் சற்றே உட்புறம் திருப்புங்கள்.

சென்டர் ஸ்பீக்கரைப் பலரும் ஒப்புக்கு வைக்கிறார்கள். படத்தின் வசனத்தில் பெரும்பகுதி அந்த ஒரு ஸ்பீக்கரிலிருந்தே வருவதால், என் கருத்தில் ஹாலில் மிகுந்த அக்கறை காட்ட வேண்டிய பொருள் அதுதான். அது டிவிக்கு நேர் கீழே அல்லது நேர் மேலே, மையக்கோட்டில் இருக்க வேண்டும். தட்டின் உள்ளே தள்ளி வைத்தால் தட்டின் பலகையில் ஒலி பட்டுத் தெறித்துப் பேச்சைக் குழப்பும். ஆகவே ஸ்பீக்கரின் முகம் பலகையின் விளிம்போடு ஒட்டியோ அரை அங்குலம் வெளியே நீட்டியோ இருக்கட்டும். பிறகு அடியில் ஒரு ரப்பர் ஆப்பு கொடுத்து, அதன் முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி சாய்த்துவிடுங்கள். சரிதானா என்று பார்க்க, ஸ்பீக்கரின் முன்பலகை மேல் கண்ணாடியைப் படியவைத்து, வழக்கமான இடத்தில் அமர்ந்து பாருங்கள். உங்கள் முகமே அதில் தெரிந்தால் சாய்வு சரி. டிவியையே நின்றபடி பார்க்கும் உயரத்தில் மாட்டியிருந்தால் அதைக் கீழிறக்குவது கழுத்துக்கும் நல்லது, ஒலிக்கும் நல்லது.

பக்கவாட்டு ஸ்பீக்கர்கள்

ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூபரும் கொண்ட 5.1 அமைப்பில் உள்ள இரண்டு சரவுண்ட் ஸ்பீக்கர்களும் மையக்கோட்டிலிருந்து 110 முதல் 120 டிகிரியில், அதாவது காதுக்கு நேர்ப்பக்கத்தைவிடச் சற்றே பின்னால் இருக்க வேண்டும். "பின் ஸ்பீக்கர்" என்ற பெயரே இங்கே பலரைத் தவறான இடத்துக்கு அனுப்புகிறது. 11 அடி அகல ஹாலின் நடுவில் அமர்ந்தால் பக்கச் சுவர் ஐந்தரை அடியில் இருக்கும். காதுக்கு நேராகச் சுவரில் சாக்பீசால் ஒரு கோடு கிழித்து, அங்கிருந்து 2 அடி பின்னே 110 டிகிரியும், 3 அடி 2 அங்குலம் பின்னே 120 டிகிரியும் வரும். இந்த இரண்டு குறிகளுக்கு நடுவே எங்கே ஆணி அடிக்க முடிகிறதோ அங்கே மாட்டலாம்.

உயரம் காதின் மட்டத்திலோ, சோபாவின் சாய்மானமும் பக்கத்தில் இருப்பவரின் தலையும் மறைக்காத அளவுக்குச் சற்று மேலேயோ இருக்கட்டும். பின்னாளில் தலைக்கு மேலும் ஸ்பீக்கர் வைக்கும் எண்ணம் இருந்தால், சரவுண்ட் ஸ்பீக்கர்கள் முன்பக்க ஸ்பீக்கர் உயரத்தின் ஒன்றேகால் மடங்கைத் தாண்டக் கூடாது. மூன்றரை அடிக்கு அது ஏறக்குறைய நாலரை அடிக்குள். ஒரு பக்கம் சுவரே இல்லாமல் சமையலறைப் பக்கம் திறந்திருக்கும் ஹால்களில் இரண்டு பக்கமும் ஸ்டாண்ட் பயன்படுத்துங்கள். ஒன்று சுவரிலும் ஒன்று வெளியிலும் இருந்தால் இரண்டும் வேறுவேறு குரலில் பேசும்.

ஏழு ஸ்பீக்கர்கள் கொண்ட 7.1-க்குப் போனால் பக்கவாட்டு ஜோடி 90 முதல் 110 டிகிரிக்கு முன்னே நகரும், புதிய பின் ஜோடி 135 முதல் 150 டிகிரியில் வரும். எங்கள் அளவில் பின்சுவரில் இரண்டுக்கும் இடையே ஆறரை அடியோ சற்று அதிகமோ விட்டால் போதும். சோபா பின்சுவரோடு ஒட்டியிருக்கும் வீட்டில் 7.1 வாங்குவது பண விரயம், அங்கே 5.1 தெளிவாகக் கேட்கும்.

தலைக்கு மேலே

2012-இல் வந்த டால்பி அட்மாஸ், மேலிருந்து வரும் ஒலிக்கெனத் தனி ஸ்பீக்கர்களைக் கேட்கிறது. இரண்டு மட்டும் என்றால் அமர்பவரின் தலைக்கு ஓரடி முன்னே, கூரையில், இடது வலது ஸ்பீக்கர்களின் நேர்கோட்டில் பொருத்தலாம். நான்கு என்றால் முன்னும் பின்னும் 45 டிகிரி சாய்வில். 10 அடிக் கூரைக்கும் மூன்றரை அடியில் இருக்கும் காதுக்கும் இடையே ஆறரை அடி உயரம் என்பதால், காதிலிருந்து ஆறரை அடி முன்னே ஒரு ஜோடி, பின்னே ஒரு ஜோடி. பின்னே அவ்வளவு இடம் இல்லாவிட்டால் நாலே முக்கால் அடி வரை குறைக்கலாம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் கூரைக் கான்கிரீட் போடுவதற்கு முன்பே இந்த இடங்களுக்கு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிக் குழாய் போட்டுவிடுங்கள். பிறகு உடைப்பது எளிதல்ல.

கூரையில் துளையிட முடியாதவர்களுக்காக, ஒலியை மேலே எறிந்து கூரையில் பட்டுத் திரும்பச் செய்யும் ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. சேலத்தின் சமதளக் கான்கிரீட் கூரைக்கு அவை நன்றாகவே பொருந்தும். ஏற்காட்டில் என் அக்கா வீட்டில் அவை பயனற்றுப் போயின. சாய்வான ஓட்டுக்கூரையில் பட்ட ஒலி இருக்கைக்குத் திரும்பாமல் வேறு பக்கம் சிதறிவிட்டது. அங்கே அந்த ஜோடியை எடுத்துவிட்டு, முன்சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே சிறிய ஸ்பீக்கர்கள் இரண்டை இருக்கையை நோக்கிச் சாய்த்து மாட்டி, ஸ்பீக்கர்களுக்கு ஒலியைப் பிரித்து அனுப்பும் பெட்டியான ரிசீவரில் "ஃப்ரண்ட் ஹைட்" என்று தேர்ந்தெடுத்தோம். மழைக்காட்சியில் மழை மேலிருந்து பெய்தது. மலைவீடுகளில் இன்னும் இரண்டு செய்திகள்: ஈரம் ஊறும் வெளிச்சுவரிலிருந்து ஸ்பீக்கரை அரை அடியாவது தள்ளி வையுங்கள்; இடி மின்னல் நாட்களில் பிளக்கையும் டிஷ் ஆன்டெனா கேபிளையும் சேர்த்துக் கழற்றிவிடுங்கள்.

சப்வூபருக்கு ஊர்ந்து இடம் தேடுதல்

தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காதால் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே சப்வூபரை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்று சொல்லிவிடுகிறார்கள். திசை தெரியாது என்பது உண்மை. ஆனால் இடம் மாறினால் ஒலியே மாறிவிடும் என்பதும் அதே அளவு உண்மை. பலகையும் ஜிப்சமும் வைத்துக் கட்டும் நாடுகளின் மெல்லிய சுவர்கள் தாழ்ந்த ஒலியில் ஒரு பகுதியைத் தங்கள் அதிர்விலேயே விழுங்கிவிடுகின்றன. நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அதை அப்படியே திருப்பி அனுப்புகின்றன. எனவே நம் ஹால்களில் நிலை அலைகள் கூடுதல் வலிமையோடு நிற்கும், இடத்தேர்வும் அந்த அளவுக்கு முக்கியமாகிறது. எங்கள் ஹாலில் நீளவாக்கில் 38, அகலவாக்கில் 52, உயரவாக்கில் 57 ஹெர்ட்சில் அவை நிற்கின்றன. பறையும் தவிலும் முழங்கும் பாட்டில் சில அடிகள் மட்டும் துருத்திக்கொண்டு கேட்டதன் காரணம் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே எனக்கு விளங்கியது.

நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கும் வழி வேடிக்கையாகத் தோன்றினாலும் தவறாமல் பலன் தருவது. இரண்டு பேராகத் தூக்கி, சப்வூபரை நீங்கள் அமரும் இடத்திலேயே, சோபாவின் மேல் வையுங்கள். ஏறியிறங்கும் தாழ்ந்த சுரங்கள் உள்ள ஒரு பாட்டை, அல்லது 30 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாக ஏறும் சோதனை ஒலியைத் திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். பிறகு சப்வூபர் வைக்கச் சாத்தியமான இடங்களில், சுவரோரமாக, தரையை ஒட்டித் தலையைத் தாழ்த்தி ஊர்ந்து போய்க் கேளுங்கள். ஓரிடத்தில் முழக்கம் மட்டும் இருக்கும், ஓரிடத்தில் ஒலியே வற்றிப்போகும், ஓரிடத்தில் எல்லாச் சுரமும் ஒரே சீராகக் கேட்கும். அந்தச் சீரான இடத்தில் சாக்பீசால் குறியிட்டு, சப்வூபரை அங்கே கொண்டுபோய் வையுங்கள். ஒலி செல்லும் பாதை இரு திசையிலும் ஒன்றே என்பதால், நீங்கள் அங்கே கேட்டதை இனி சோபாவில் கேட்பீர்கள். எங்களுக்கு அது டிவிச் சுவரில் வலது ஸ்பீக்கருக்கும் டிவிக்கும் இடையில் அமைந்தது. மூலையில் வைத்தால் ஒலி அளவு கூடும், சீர்மை குறையும். சிறிய சப்வூபர் உள்ளவர்கள் அதை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டு சப்வூபர் வாங்க வசதி இருந்தால் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்று எழுப்பும் முதல் நிலை அலையை மற்றொன்று அடக்கிவிடும்.

டைல்ஸ் தரையும் ஜமுக்காளமும்

ஹாலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டுங்கள். தட்டல் "டர்ர்" என்று இழுத்தால், பளபளப்பான டைல்சும் வெற்றுச் சுவர்களும் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். நீங்கள் சோபாவில் அமர்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரைப் பக்கச் சுவரோடு கண்ணாடியைப் பிடித்தபடி நகரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் முன் ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிகிறதோ, அந்த இடத்தில் பட்டுத்தான் முதல் எதிரொலி உங்களை அடைகிறது. அங்கே புத்தக அலமாரி, தடித்த திரை, இலவம்பஞ்சு அடைத்த தடுப்பு எதுவும் பயன்படும். தரையில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் நடுவே பவானி ஜமுக்காளத்தை இரண்டாக மடித்து விரித்தேன். வசனத்தின் கூர்மை அன்றே கூடியது. துணி மேல்சுருதியை மட்டுமே அடக்கும் என்பதை நினைவில் வையுங்கள். தாழ்ந்த முழக்கத்துக்கு ஜமுக்காளம் மருந்தாகாது.

ஒயர்

வீட்டு அளவுக்கு ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். ஐம்பது அடியைத் தாண்டும் ஓட்டத்துக்கு இரண்டரை போடலாம். கரண்ட் ஒயர் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள். சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு ஸ்பீக்கரில் மாறிவிட்டால் தாழ்ந்த ஒலி மெலிந்து, பேச்சு நடுவில் நிற்காமல் அலையும். ஐயமிருந்தால் ரிசீவரிலிருந்து ஒயரைக் கழற்றி, ஒன்றரை வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். சிவப்புக்குப் பேட்டரியின் கூட்டல் முனை பட்டால், பெரிய ஸ்பீக்கரின் கூம்பு வெளியே நகர வேண்டும்.

ரிசீவரில் செய்ய வேண்டியவை

இடம் முடிவான பிறகுதான் ரிசீவரின் மெனுவைத் திறக்க வேண்டும். ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் "ஸ்மால்" என்று வைத்து, கிராஸ்ஓவரை, அதாவது எந்த அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள ஒலி சப்வூபருக்குப் போக வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்சில் தொடங்குங்கள். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர்களாக இருந்தால் 120 வரை ஏற்றலாம். அடுத்தது தூரம். எங்கள் ஹாலில் முன் ஸ்பீக்கர் காதிலிருந்து 8.8 அடி, சரவுண்ட் 5.8 அடி, அந்த மூன்றடி வேறுபாட்டால் சரவுண்ட் ஒலி 2.6 மில்லிநொடி முந்தி வந்துவிடும். தூரத்தைப் பதிவுசெய்தால் ரிசீவர் அதைத் தாமதப்படுத்திச் சரிசெய்யும். பின்னர் ஒவ்வொரு ஸ்பீக்கரின் சோதனை இரைச்சலும் இருக்கையில் 75 டெசிபல் வரும்படி அளவைத் திருத்துங்கள். கைப்பேசிச் செயலியின் எண் துல்லியமாக இராது. ஸ்பீக்கர்களை ஒன்றோடொன்று ஒப்பிட அது போதும்.

ரிசீவரில் உள்ள ஆடிசி, ஒய்பாவ் போன்ற தானியங்கி முறைகள் ஒரு மைக்கால் அளந்து இதையெல்லாம் தாமே செய்யும். மைக்கைச் சோபாவின் மேல் போட்டுவிடாமல், முக்காலியில் காது உயரத்தில் நிறுத்துங்கள். மின்விசிறியையும் ஏசியையும் அணையுங்கள். அம்மாபேட்டையில் நண்பர் வீட்டில் தெருவின் தறிச் சத்தம் மைக்குக்குள் புகுந்து பகலில் அளவீடு தோற்றுக்கொண்டே இருந்தது. தறிகள் நின்ற இரவில் ஒரே முறையில் முடிந்தது. சப்வூபரின் தூரத்தை மட்டும் டேப் காட்டுவதைவிட அதிகமாக ரிசீவர் சொன்னால் மாற்றாதீர்கள்; சப்வூபரின் உள்ளே நடக்கும் தாமதத்தையும் சேர்த்தே அது கணக்கிட்டிருக்கிறது.

டிவியின் ஒலி அமைப்பில், ஒலியை மாற்றாமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்பும் "பாஸ்த்ரூ" தேர்வாகியிருக்கிறதா, எச்டிஎம்ஐ கேபிள் ஆர்க் அல்லது ஈ-ஆர்க் என்று எழுதிய துளையில் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இத்தனை உழைப்புக்குப் பிறகும் இரண்டு தட ஒலியே வந்துகொண்டிருக்கும். சரவுண்ட் ஸ்பீக்கர்கள் எப்போதும் ஒலிக்க வேண்டும் என்று எதிர்பார்த்து, எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே ஒலியை ஓடவிடும் "ஆல் சேனல் ஸ்டீரியோ"வைப் போடாதீர்கள். பல காட்சிகளில் அவை மெல்லிய காற்றாகவோ மௌனமாகவோ இருப்பதுதான் முறை.

ஒரு வாரம் பார்த்த பிறகு திரை, ஜமுக்காளம், சோபா எதையாவது மாற்றினால், மைக்கை வைத்து அளவீட்டை மீண்டும் ஓடவிடுங்கள். தரையில் போட்ட சாக்பீஸ் குறிகளை அதுவரை துடைக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.